குசைர் அம்ராவில் அண்ணன் வைத்த வேண்டுதல்

ஒரு கரடி உட்கார்ந்து வீணை மாதிரி ஏதோ வாசிக்கிறது. பக்கத்தில் ஒரு குரங்கு நின்று கை தட்டுகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஆபீஸுக்குப் போகிற பஸ்ஸில், போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது இந்தப் படம் கண்ணில் பட்டது. ஜோர்டான் பாலைவனத்தில், ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால், உமையா வம்சத்து இளவரசர் ஒருவர் கட்டிய சின்னக் கட்டடம். அதன் கூரையில் இந்தக் கச்சேரி. பாலைவனத்தில் கரடிக்கு என்ன வேலை? யார் வரைந்தது? படித்தேன். ஒன்றிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று. நிமிர்ந்தால் ஐயப்பன்தாங்கல் டிப்போ.

"எல்லாரும் எறங்கியாச்சு. நீ இன்னாமா, பஸ்ஸோடவே ஷெட்டுக்கு வர்றியா?" என்றார் கண்டக்டர்.

எனக்கு எது பிடித்தாலும் இப்படித்தான். பிடித்துவிட்டால் வீட்டில் யாரையும் தூங்கவிட மாட்டேன். அம்ரா, கரானா, அஸ்ரக் என்று அந்தப் பாலைவனக் கோட்டைகளின் பெயர்களைச் சாப்பிடும்போதும் சொன்னேன், துணி மடிக்கும்போதும் சொன்னேன். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னாள்: "கோட்டை பாக்கணும்னா செஞ்சிக்குப் போயேன். காலைல போனா பொழுதோட ஊட்டுக்கு வந்துடலாம்."

ஆனால் ஜோர்டானில் எங்களுக்கு ஆள் இருந்தது. என் அண்ணன்.

அண்ணன் தையல் மிஷின் மெக்கானிக். மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான், எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்தான். அந்தக் கம்பெனி மூடியதும் யாரோ சொல்லி, அம்மான் நகரத்துக்கு வெளியே இருக்கிற ஒரு கார்மெண்ட் ஃபேக்டரிக்குப் போனான். முதல் ஒப்பந்தம் முடிந்து மகளுக்குக் காது குத்த ஒரு தடவை வந்தான். திரும்பவும் போனான். இப்போது அந்த இரண்டாவது ஒப்பந்தமும் முடிகிற நேரம். மூன்றாவது தடவை இருப்பானா, முடித்துக்கொண்டு வருவானா? இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் ஆறு மாதமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் அவனிடம் யாரும் கேட்கவில்லை.

அம்மா கேட்க மாட்டாள். பிள்ளை பிழைப்பைக் கெடுத்தவள் என்று நாளைக்குப் பேச்சு வந்துவிடும். அண்ணியிடம் நானே ஒரு நாள் மாடியில் துணி காயப்போடும்போது கேட்டேன். "நான் சொல்ல மாட்டேன்" என்றாள் அண்ணி. "நான் சொல்லி வந்தார்னா, அப்புறம் எது நடந்தாலும் என்னாலதான்னு ஆயிடும். அவரா வரணும்."

அவன் மகளுக்கு அப்பா என்றால் சாப்பிடும்போது போனில் வருகிற ஒரு முகம். சாப்பாடு முடிந்தால் போனோடு முகத்தையும் அணைத்துவிட்டுக் குட்டி ஓடிவிடும்.

ஆகவே என் கரடிப் பைத்தியம் அம்மாவுக்குத் தோதாகப் போனது. ஆபீஸில் லீவு வாங்கி, டிக்கெட் போட்டு, பெட்டியில் இட்லிப் பொடியும் வடகமும் அடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா பெட்டி ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். "கோட்டைய நல்லா பாரு. வரும்போது அவன் மனசுல இன்னா கீதுன்னும் பாத்துகினு வா. முடிஞ்சா அவனையே கூட்டிகினு வா."

"நீயே கேளேம்மா."

"நான் எப்டிடீ கேக்குறது?" என்று எழுந்து போய்விட்டாள்.

அம்மானில் போய் இறங்கினேன். அண்ணனுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் லீவு, அன்றைக்குத்தான் கோட்டை பார்க்கக் கிளம்பினோம். அவன் ஒப்பந்தத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது அதற்கு மறுநாள், சனிக்கிழமை காலையில். இதை அவனே என்னிடம், டாக்ஸியில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போடும்போது, மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி சொன்னான்.

"இன்னா சொல்லப் போற?" என்றேன்.

"மொதல்ல உன் கோட்டையப் பாப்போம் டீச்சரம்மா" என்றான்.

அவனுக்கு நான் சின்ன வயசிலிருந்தே டீச்சரம்மாதான். அதற்குக் காரணம் எஸ்டேட். வார நாட்களில் அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரியும் சைரனும் கம்பெனி பஸ்ஸுமாக ரோட்டைக் கடக்கவே முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு சத்தமும் இருக்காது. அப்பா இருந்தவரைக்கும் அவருடைய சைக்கிள்தான் எங்களுக்கு. அண்ணன் மிதிப்பான், நான் கேரியரில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் இருக்கிற போர்டுகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவேன். போர்டு இல்லாத கேட் வந்தால் நிறுத்துவோம். இடுக்கு வழியாக எட்டிப் பார்த்து, உள்ளே என்ன செய்கிறார்கள் என்று ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும். பெருங்காய ஃபேக்டரி, ராக்கெட் ஃபேக்டரி, பல்செட்டு ஃபேக்டரி. எது நிஜம் என்று நாங்கள் யாரையும் விசாரித்ததே இல்லை. விசாரித்தால் விளையாட்டு போய்விடும்.

அம்மானைத் தாண்டியதும் அந்த ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்தான் எனக்கு ஞாபகம் வந்தது. காலியான ரோடு, இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லாத மண். நான் மணல்மேடுகளை எதிர்பார்த்திருந்தேன். அங்கே தட்டையான தரையும் கறுப்புக் கற்களும் மின்கம்பங்களும்தான். டிரைவர் அந்த ஊர்க்காரர், பெரியவர். ஃபேக்டரி ஆட்களை ஏற்றி இறக்கி நாலு வார்த்தை இந்தி தெரிந்துவைத்திருந்தார். அந்த நாலில் மூன்று சாப்பாட்டைப் பற்றியவை. கொஞ்ச நேரம் போனதும் இடது பக்கமோ வலது பக்கமோ, திடீரென்று ஒரு சதுரமான மண்நிறக் கட்டடம், தனியாக, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பெட்டி மாதிரி நின்றது.

"அண்ணா, அதான் கரானா!" என்று நான் சீட்டில் குதித்தேன்.

"அதுவா? அஸ்ரக் பக்கம் கம்பெனி வேன்ல போவும்போது எத்தினி தபா பாத்துகீறேன். ஜெயிலுன்னு நெனச்சேன்" என்றான் அண்ணன்.

"ஒரு நாளாவது எறங்கிப் பாக்கலாம்ல?"

"ஜெயிலுக்கு யாராவது எறங்கிப் போவாங்களா?"

திரும்பும்போது கரானாவைப் பார்த்துக்கொள்ளலாம், கூட்டம் வருவதற்குள் அம்ராவுக்குப் போய்விட வேண்டும் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். எனக்குக் கரடி வேண்டும்.

குசைர் அம்ரா ரோட்டோரத்திலேயே இருக்கிறது. படங்களில் பார்த்ததைவிடச் சின்னது. பக்கத்தில் பக்கத்தில் மூன்று நீள்வளைவுக் கூரைகள், பின்பக்கம் ஒரு குட்டி கும்மட்டம், வெளியே ஆழமான கிணறு. நான் டிக்கெட் வாங்குகிற இடத்தில் மாட்டியிருந்த வரைபடத்தில் மாட்டிக்கொண்டேன். எந்த அறை எது என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு ஓடி வந்தால், வாசலில் அண்ணனுடைய ஃபேக்டரி ஷூ. ஜோடியாக, ஓரமாக, சாக்ஸை உள்ளே சுருட்டிவைத்து.

அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு ஜோடி. மலையேறுகிறவர்கள் போடுகிற பெரிய பெரிய ஷூக்கள்.

உள்ளே போனேன். வெளி வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. அண்ணன் தலையில் கைக்குட்டையை, நாலு மூலையையும் இழுத்து, பின்னால் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தான். இரண்டு கையையும் ஏந்தி, கண்ணை மூடி, ஒரு சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவும் பாட்டியும், வெறும் காலோடு, தலையைக் குனிந்து, மிக மரியாதையாக.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. கும்மட்டத்தைப் பார்த்திருக்கிறான். முஸ்லிம் நாட்டில், பாலைவனத்தில், தனியாக ஒரு கும்மட்டம் என்றால் மண்ணூர்பேட்டைக்காரனுக்கு அது தர்காதான். சின்ன வயசில் எங்கள் இரண்டு பேரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், ராத்திரி பயந்து அழுதாலும், அம்மா பூந்தமல்லிப் பக்கம் ஒரு தர்காவுக்குக் கூட்டிப்போவாள். வாசலில் செருப்பை விட்டதும் அண்ணன் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டை வெளியே வரும். எனக்கு அம்மாவின் முந்தானை. ஹஜரத் மயிலிறகால் தலையில் தடவி ஓதிவிடுவார். கையில் கொஞ்சம் சர்க்கரை. அந்தச் சர்க்கரைக்காகவே நான் இரண்டு தடவை பயந்து அழுதிருக்கிறேன்.

அவன் நின்றிருந்த சுவரை அண்ணாந்து பார்த்தேன். பெரிய ஓவியம். கொஞ்சம் அழிந்திருந்தாலும் யார், என்ன செய்கிறார் என்பது நன்றாகவே தெரிந்தது. ஒரு பெண், ஏறக்குறைய ஒன்றுமே உடுத்தாமல், தொட்டித் தண்ணீரிலிருந்து ஏறி வருகிறாள்.

சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தேன். அதற்குள் அவன் கண்ணைத் திறந்து, கையால் முகத்தைத் தடவிவிட்டு, நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றான். பிறகு கழுத்தை மட்டும் என் பக்கம் திருப்பினான்.

"இன்னாமே இது?"

"குளிக்கிற எடம்ணா."

"இன்னாது?"

"ஹமாம். பாத்ரூம். இளவரசர் வேட்டைக்கு வந்தா இங்க வெந்நீர்ல குளிச்சிட்டு, இந்த ஹால்ல உக்காந்து பாட்டு கேப்பாரு. தோ, அங்க பாரு, கரடி."

அண்ணன் கரடியைப் பார்க்கவில்லை. கைக்குட்டையை மெதுவாக அவிழ்த்தான். பின்னால் நின்ற தாத்தா என்னிடம் ஆங்கிலத்தில், இங்கே எந்த ஞானியை வணங்குகிறீர்கள் என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? என் அண்ணன் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் என்றேன். தாத்தாவும் பாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்து, பிறகு தங்கள் வெறும் காலைப் பார்த்து, சத்தமாகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அந்த வளைவுக் கூரைக்கு அடியில் நாலு பேர் சிரித்தது நாற்பது பேர் சிரித்த மாதிரி கேட்டது. காவல்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் நிதானமாகப் பார்த்தோம். காட்டுக் கழுதைகளை வலைக்குள் விரட்டுகிற வேட்டை. வெந்நீர் அறையின் கும்மட்டத்துக்குள் நட்சத்திரக் கூட்டங்களோடு வானம். ஒரு பக்கத்துக் கூரை முழுக்கக் கட்டங்கள் போட்டு, கட்டத்துக்கு ஒரு வேலையாள்: கல் உடைக்கிறவன், மரம் அறுக்கிறவன், ஒட்டகத்தில் பாரம் ஏற்றுகிறவன்.

"பாரேன், இவனும் ஓவர்டைம் பாக்குறான்" என்றான் அண்ணன், மரம் அறுக்கிறவனைக் காட்டி. "எந்த ஊர்லேர்ந்து வந்தானோ. இவனுக்கு யாரு லீவு குடுத்தாங்களோ."

வெளியே வந்து கிணற்றுப் பக்கம் நிழலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குச் சும்மா இருக்க வராது.

"இன்னா வேண்டிகினே?"

"அத்த வுடு. பாத்ரூம்ல வேண்டினது செல்லாது."

"செல்லாதுல்ல, அப்போ சொல்லு."

ஷூ லேஸை இழுத்துக் கட்டினான். அவிழ்த்தான். மறுபடியும் கட்டினான்.

"நாளிக்கு நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி, அவங்களே என்னை வேணாம்னு சொல்லிடணும். அதான் வேண்டினேன்."

அவனே தொடர்ந்தான். "நானா வேணாம்னு வந்தா, முடியாம ஓடி வந்துட்டான்னு பேச்சு. இங்க எனக்கு மரியாதை கீது, தெரியுமா? மிஷின் நின்னா மொத்த லைனும் என் பேரச் சொல்லித்தான் கூப்புடும். அங்க வந்தா மறுபடியும் மொதல்லேர்ந்து. உங்க அண்ணி ஒரு வார்த்த வான்னு சொல்லிருந்தா வந்திருப்பேன். அவ சொல்ல மாட்டேங்குறா. அம்மாவும் சொல்ல மாட்டேங்குது. கம்பெனிக்காரனாவது சொல்லட்டுமேன்னு..."

"கம்பெனிக்காரன் சொல்வானா?"

"எங்க சொல்லுவான்? சம்பளம் ஏத்தித் தர்றேன்னு நிக்குறான்."

"அப்போ உனக்கு வரணும்னுதான் இருக்கு."

அவன் எழுந்து டாக்ஸியைப் பார்த்து நடந்தான். அண்ணி மாடியில் சொன்னதை நான் அவனிடம் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் அதுவும் அண்ணி கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு காரில் உட்கார்ந்தேன்.

அஸ்ரக் போகவில்லை. அண்ணன் டிரைவரிடம் திரும்பச் சொல்லிவிட்டான். கரானா வாசலில் இறங்கியபோது உச்சி வெயில். உள்ளே நுழைந்ததும் குளிர்ச்சி. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் இரண்டு மாடியாக அறைகள், ஒன்றுக்குள் ஒன்று. மேல் அறைகளில் சுண்ணாம்பில் வட்ட வட்டமாகப் பூக்கள். சுவர்களில் ஒடுக்கமான பிளவுகள், அதன் வழியாகக் கத்தி மாதிரி வெளிச்சம்.

"இது எதுக்குக் கட்டினது?" என்றான்.

"யாருக்கும் சரியாத் தெரியாது."

"உனக்குமா?"

"கோட்டைன்னா இந்த ஓட்டை வழியா அம்பு விட முடியாது, எட்டாது. சத்திரம்னா பக்கத்துல தண்ணி இல்ல. நாலு ஊர்ப் பெரியவங்க வந்து பேசுற எடமா இருக்கலாம்னு சிலர் சொல்றாங்க."

அவன் ஓர் அறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். "பெருங்காய ஃபேக்டரி" என்றான்.

நான் அடுத்த அறைக்கு ஓடினேன். "பல்செட்டு ஃபேக்டரி!"

"தோ, இது டைம் ஆபீசு. லேட்டா வந்தா இவன் ஒட்டகத்த உள்ள வுட மாட்டான்."

அரை மணி நேரம் இருக்கும், அறை அறையாக ஓடினோம். நான் ஐ.டி. கம்பெனியில் டீம் பார்த்துக்கொள்கிறவள், அவன் ஒரு பிள்ளைக்குத் தகப்பன். அந்த மாடியில் இரண்டு பேரும் சைக்கிளிலிருந்து இறங்கி ஓடுகிற பிள்ளைகள்தான். இன்றைக்கும் ஜோர்டான் என்றால் எனக்குக் கரடிக்கு முன்னால் அந்த ஓட்டம்தான் ஞாபகம் வருகிறது. மூச்சு வாங்க முற்றத்தைப் பார்த்த ஒரு திண்டில் உட்கார்ந்தோம். அண்ணன் கொஞ்ச நேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனை எடுத்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டான். அங்கே சாயங்காலம்.

அம்மாதான் எடுத்தாள். முகத்தில் பாதியும் சீலிங் ஃபேனில் பாதியும் தெரிந்தது. "இன்னாடா நைனா, சாப்ட்டியா? அவ எங்க?"

"இங்கதான் கீறா. யம்மா, நான் வந்துடறேன்."

"எங்கடா?"

"ஊட்டுக்கு. முடிச்சிகினு."

ஃபேன் மட்டும் சுற்றியது. பிறகு அம்மாவின் குரல், "ஏம்மா, இங்க வா, சீக்கிரம் வா" என்று உள்ளே ஓடியது. போன் குலுங்கி, சமையல்கட்டு தெரிந்து, அண்ணியின் முகம் வந்தது. கை ஈரத்தை நைட்டியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"லீவு குடுத்துட்டாங்களா?" என்றாள்.

"லீவு இல்ல. கணக்கு முடிச்சிகினு வர்றேன். நாளிக்குச் சொல்லிடுவேன்."

"யாரு சொன்னது?" அவள் கண் அண்ணனை விட்டு என் பக்கம் பாய்ந்தது. நான் இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினேன்.

"யாரும் சொல்லல. நான்தான் சொல்றேன்."

அண்ணி போனைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டாள். எங்களுக்கு அவள் தோளும் சுவரில் மாட்டிய காலண்டரும்தான் தெரிந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அதற்குள் குட்டி எங்கிருந்தோ வந்து போனைப் பிடுங்கியது.

"அப்பா, பின்னாடி இன்னா ஊடு அது?"

"ஆயிரம் வருசத்துக்கு முந்தின ஊடு."

உற்றுப் பார்த்தது. "ஃபேனே இல்ல" என்றது.

அன்றைக்கு மிச்சம் இருந்த கோட்டைகள் எதையும் நான் பார்க்கவில்லை. திரும்புகிற வழி முழுக்க அண்ணன் பேசிக்கொண்டே வந்தான்: எஸ்டேட்டில் யார் யார் இன்னும் மிஷின் ஓட்டுகிறார்கள், சர்வீஸ் வேலைக்கு ஒரு பழைய வண்டி போதுமா, மாடியில் தண்ணீர் டேங்க் ஏன் இன்னும் ஒழுகுகிறது. டிரைவர் தனக்குத் தெரிந்த இந்தியில் நடுநடுவே "கானா? கானா?" என்றார். பசியில் பேசுகிறோம் என்று நினைத்திருப்பார். நான் தனியாகத்தான் விமானம் ஏறினேன். அவன் கணக்கு முடித்து, தன் இடத்துக்கு வந்த ஆளுக்கு வேலையைக் காட்டிக்கொடுத்துவிட்டு, மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் வந்து சேர்ந்தான்.

வந்தது ஒன்றும் சினிமா மாதிரி இல்லை. முதல் சில மாதங்கள் வேலை ஒழுங்காக அமையவில்லை. இப்போது முகப்பேரிலிருந்து ஆவடி வரைக்கும் சின்னச் சின்னத் தையல் யூனிட்டுகளுக்கு மிஷின் பார்த்துக் கொடுக்கிறான். நாளெல்லாம் வண்டியில் அலைச்சல். வெயிலில் வந்து சட்டையைக் கழற்றிப் போட்டால் சில நாள் எரிச்சலில் கத்துவான். "ஏசி ரூம்ல நிம்மதியா இருந்தேன். அங்கியே இருந்திருக்கலாம்."

அண்ணி அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்பாள்: "யாரு உங்கள வரச் சொன்னது?"

அவன் வாயைத் திறப்பான். அம்மாவைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான். யாரையும் கைகாட்ட முடியாது. கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டதும் எழுந்து, மகளைக் கூட்டிவரத் தெருமுனைக்குப் போவான்.